முதல் இசிஜி நார்மல், இரண்டாவதில் மாரடைப்பு: எது பொய்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். குடியாத்தம் பக்கம் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. இரவு 11 மணிக்கு நெஞ்சில் கனம், தாடை வரை இழுப்பு, சட்டை நனையும் வியர்வை. பக்கத்து நர்சிங் ஹோமில் இசிஜி எடுத்து, நார்மலாக இருக்கிறது, கேஸ்தான் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடியற்காலை 4 மணிக்கு வலி திரும்பியது. வேலூருக்கு அழைத்து வந்து எடுத்த இசிஜியில் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்து இப்போது வீட்டில் இருக்கிறார். ஐந்து மணி நேரத்தில் அடைப்பு எங்கிருந்து வந்தது, முதல் மிஷின் கோளாறா, ரத்தம் குறைந்தால் இதயத்தின் கரண்ட் எப்படி மாறும் என்று கேட்டிருக்கிறீர்கள். வரிகளுக்கு நடுவே இன்னொன்றும் கேட்கிறீர்கள் என்று படுகிறது: அந்த டாக்டர் எங்களை ஏமாற்றினாரா, நாங்கள் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போனது தப்பா?

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள்ளேயே 26 வருடம் பொது மருத்துவராக வேலை பார்த்தவன். இதய நிபுணர் இல்லை, ஆஞ்சியோ செய்ததில்லை. ராத்திரி ட்யூட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரின் முதல் இசிஜி யார் கைக்கு வருமோ, அந்த ஆள். உயிரணுவுக்குள் நடப்பதாக இங்கே சொல்லப்போவது படித்தது. தாளில் தெரிவதாகச் சொல்வது பார்த்துப் பழகியது.

அடைப்பு என்கிறோமே, அது ரத்தக்குழாய்க்குள் இருக்கும் சமாச்சாரம். இசிஜிக்கு ரத்தக்குழாய் தெரியாது. ரத்தம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதும் தெரியாது. இதயத் தசையில் ஓடும் மின்சாரம் உடம்பின் மேல்தோலில் எவ்வளவு எட்டிப்பார்க்கிறதோ, அதை மட்டும்தான் அது வரையும். கை, கால், மார்பு என்று 10 இடத்தில் ஒட்டி, 12 கோணத்தில் வரைகிறது. ஒவ்வொரு கோணத்துக்கும் லீடு என்று பெயர்: மார்பில் வி1 முதல் வி6 வரை, கை கால் வழியாக முதல், இரண்டு, மூன்று, ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப். ஒட்டும் முனையையும் பேச்சில் லீடு என்றே சொல்வோம். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகரும். உயரத்தில் 10 சின்னக் கட்டம் சேர்ந்தால் ஒரு மில்லிவோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரி 1,500 மில்லிவோல்ட். மாரடைப்பு என்று நாங்கள் முடிவுகட்டும் ஒரு மில்லிமீட்டர் ஏற்றம் 0.1 மில்லிவோல்ட்தான். அதுவும் ஒரு தாளில் பதிவாவது சுமார் 10 நொடி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிற இதயத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று துடிப்பைப் பார்த்துவிட்டு நாங்கள் பேசுகிறோம்.

சரி, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஓய்வில் இருக்கும் இதயத் தசை உயிரணுவின் உள்பக்கம், வெளிப்பக்கத்தைவிட சுமார் 90 மில்லிவோல்ட் தாழ்ந்து நிற்கும். உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்ற ஒவ்வொரு உயிரணுவின் சவ்விலும் பம்புகள் ராப்பகலாக ஓடுகின்றன. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுப்பதுதான் அவற்றின் வேலை. பம்புக்கு டீசல் மாதிரி, உயிரணுவுக்குச் சக்தி கொடுக்கும் ஏடிபி என்ற பொருள். ஏடிபி தொடர்ந்து கிடைக்க ஆக்ஸிஜன் வேண்டும், ஆக்ஸிஜன் ரத்தத்தில்தான் வர வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் தனக்கு வரும் ரத்தத்திலிருந்து 70 சதவீத ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடுகிறது. மற்ற உறுப்புகளுக்கு இருக்கும் கையிருப்பு இதற்குக் கிடையாது. கூடுதலாக வேலை செய்ய வேண்டுமானால் ரத்தமே கூடுதலாக வந்தாக வேண்டும்.

ஒரு குழாய் திடீரென்று அடைபட்டால், சில துடிப்புகளுக்குள் அந்தப் பகுதித் தசை சுருங்குவதில் தளர்கிறது. ஏடிபி குறைந்தால் திறந்துகொள்ளும் பொட்டாசியம் வாசல்கள் சவ்வில் இருக்கின்றன. அவை திறக்க, பொட்டாசியம் வெளியே கசிகிறது. ஓட்டம் நின்றுவிட்டதால் கசிந்தது அடித்துக்கொண்டு போக வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது. அமிலமும் சேர்கிறது. மைனஸ் 90-ல் நின்ற மின்னழுத்தம் மைனஸ் 80, மைனஸ் 70 என்று மேலே வந்துவிடுகிறது. அந்த உயிரணுக்களின் மின் அலை குட்டையாகிறது, சீக்கிரம் முடிந்துவிடுகிறது, பக்கத்து உயிரணுவுக்குப் போகிற வேகமும் குறைகிறது. இவ்வளவும் நிமிடக் கணக்கில் நடப்பவை. தசை இன்னும் சாகவில்லை. முழு அடைப்பு இருபது, முப்பது நிமிடத்தைத் தாண்டிய பிறகுதான் உள்சுவரில் சாவு தொடங்கி, சில மணி நேரத்தில் வெளிச்சுவர் வரை பரவும். ஆகவே இசிஜியில் முதலில் தெரிவது தசையின் தவிப்பு. அந்தக் கட்டத்தில் ரத்தம் திரும்பினால் கோடும் திரும்பிவிடும்.

தவிப்பு எப்படிக் கோட்டில் தெரிகிறது என்பதற்கு எங்கள் ஊர் ஏரிகளைத்தான் எடுத்துக்கொள்வேன். பாலாற்றுக் கால்வாயில் வரிசையாக ஏரிகள், ஒன்று நிரம்பினால் அடுத்ததுக்குத் தண்ணீர் போகும். இரண்டு ஏரியும் ஒரே மட்டத்தில் நின்றால் நடுக்கால்வாயில் ஓட்டம் இருக்காது. இதயத்திலும் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு இடைவேளை அப்படி வரும். மின் அலை எல்லா இடமும் பரவி முடித்து எல்லா உயிரணுவும் ஒரே நிலையில் நிற்கும் நேரம் ஒன்று. அதுதான் எஸ்டி பகுதி. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் எல்லாம் ஓய்வில் இருக்கும் நேரம் இன்னொன்று. இரண்டு இடத்திலும் கோடு ஒரே மட்டத்தில் போக வேண்டும். ரத்தம் வராத பகுதியின் மட்டம் மாறிவிட்டால், இந்த இரண்டு இடைவேளையிலும் பக்கத்து நல்ல தசைக்கும் இதற்கும் நடுவே மின்சாரம் ஓடும். காய மின்னோட்டம் என்று இதற்குப் பெயர்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை இருக்கிறது. எஸ்டி ஏறியிருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அதில் ஒரு பங்கு, ஓய்வுக்கோடு கீழே இறங்கியது. சாதாரண இசிஜி மிஷினுக்கு எது பூஜ்யம் என்று தெரியாது. மாறாமல் நிற்கும் மின்னழுத்தத்தை வடிகட்டிவிட்டு, ஓய்வுக்கோட்டையே தரை என்று வைத்துக்கொள்ளும். தரை ஓர் அடி இறங்கினால் திண்ணை ஓர் அடி உயர்ந்த மாதிரிதானே தெரியும்? விலங்குகளின் இதயத்தில் நேரடியாக மின்முனை வைத்து அளந்தபோதுதான் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இந்த வித்தியாசத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் 0.1 மில்லிவோல்ட்டை நம்பித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தாளில் வரும் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். முதலில் டி அலை, அதாவது எஸ்டிக்கு அடுத்து, தசை ஓய்வுக்குத் திரும்பும்போது வரும் மேடு, உயர்ந்து, அடி பருத்து, இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். அப்புறம் எஸ்டி ஏறும். மணிக்கணக்கில், எஸ்டிக்கு முன்னால் இருக்கும் கியூ என்ற பள்ளம் ஆழமாகும்; தசை செத்ததற்குப் பெரும்பாலும் அதுதான் தடயம். எஸ்டி இறங்க இறங்க டி அலை தலைகீழாகும். ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில் பலூனை ஊதிக் குழாயை அடைக்கும்போது ஒரு நிமிடத்துக்குள்ளேயே டி, எஸ்டி மாற்றம் வந்து, பலூனைச் சுருக்கியதும் போய்விடுவதைப் பார்க்கலாம் என்று நிபுணர்கள் சொல்வார்கள். மாரடைப்பில் எஸ்டி ஏறுவதை 1920-லேயே ஹெரால்ட் பார்டீ என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவிட்டார். அப்போது மார்பில் லீடு ஒட்டும் வழக்கமே வரவில்லை. கையையும் காலையும் வைத்தே கண்டுபிடித்தார்கள்.

குறைகிற ரத்தம் எல்லாம் ஒரே மாதிரி குறைவதில்லை. பெரிய குழாய்கள் இதயத்தின் வெளிப்பரப்பில் ஓடுகின்றன. உள்சுவர் கடைமடை வயல் மாதிரி. ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளிருக்கும் அழுத்தம் வேறு அதை நசுக்கும். தண்ணீர் குறைந்தால் கடைமடைதானே முதலில் காயும்? உள்சுவர் மட்டும் தவித்தால் எஸ்டி இறங்கும். குழாய் முழுக்க அடைத்து உள்சுவர் முதல் வெளிச்சுவர் வரை தவித்தால் எஸ்டி ஏறும். மின்னோட்டம் எந்தப் பக்கம் பார்த்து ஓடுகிறது என்பதுதான் வித்தியாசம். எஸ்டி ஏறினால் எந்தக் குழாய் என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம்: வி1 முதல் வி4 வரை என்றால் முன்பக்கக் குழாய், இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்றால் பெரும்பாலும் வலதுபக்கக் குழாய். இறங்கினால் அப்படி இடம் குறித்துச் சொல்ல முடியாது. எஸ்டி இறங்கியதை வைத்தே இன்ன குழாய் என்று பல நோயாளிகளிடம் பலர் தைரியமாகச் சொல்லிவிடுகிறார்கள், நம்பாதீர்கள்.

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி. ரோப்கார் வராத காலம். கார்த்திகை தவறாமல் ஏறுகிற ஒருவர் என்னிடம் வந்தார். இருநூறு படி தாண்டினால் நெஞ்சு அடைக்கிறது, மண்டபத்தில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது, மறுபடி ஏறினால் மறுபடி அடைக்கிறது என்றார். என் மேஜை எதிரே படுக்க வைத்து எடுத்த இசிஜியில் ஒரு குறை இல்லை. 'எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுங்க சார், வீட்ல நம்ப மாட்றாங்க' என்று கேட்டார். எழுதித் தரவில்லை. வேகத்தைக் கட்டம் கட்டமாக ஏற்றி, நடக்க வைத்தே இசிஜி எடுக்கும் டிரெட்மில் சோதனைக்கு அனுப்பினேன். மூன்றாவது கட்டத்தில் வி4, வி5, வி6-ல் எஸ்டி இரண்டு மில்லிமீட்டர் இறங்கித் தட்டையாக ஓடியிருந்தது. இறங்கி உட்கார்ந்த சில நிமிடத்தில் பழைய கோடு. குழாயின் அகலத்தில் பாதிக்கு மேல் சுருங்கினாலும் ஓய்வில் போதுமான ரத்தம் போய்விடும். படி ஏறும்போதுதான் பற்றாக்குறை. பற்றாக்குறை இல்லாத நேரத்தில் எடுத்த இசிஜியில் என்ன தெரியும்?

உங்கள் அப்பாவின் கதை இதிலிருந்து வேறு. ஐந்து மணி நேரத்தில் கொழுப்பு படிந்து குழாயை அடைக்கவில்லை. கொழுப்புத் திட்டு வருடக்கணக்காக அங்கேயே இருந்திருக்கும், ஒருவேளை பாதிக்குழாயைக்கூட மறைக்காமல். அன்று இரவு அதன் மேல்தோல் கிழிந்து, கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்திருக்கும். அந்த உறைகட்டி ஒரே மூச்சில் அடைப்பதில்லை என்பதுதான் பல பேருக்குத் தெரியாத விஷயம். கொஞ்சம் அடைக்கும், உடம்பே அதைக் கரைக்கும், திறக்கும், மறுபடி உறையும். குழாய் சுருங்கி விரிவதும் இதோடு சேரும். 11 மணிக்கு வலித்து, நர்சிங் ஹோமில் படுக்க வைத்த அந்த 10 நொடியில் குழாய் ஓரளவு திறந்திருந்தால், கோடு நார்மலாக வந்திருக்க முழு வாய்ப்பு உண்டு. அப்படித்தான் நடந்தது என்று இங்கிருந்து என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இரண்டு இசிஜியும் உண்மையாக இருக்க முடியும். மிஷினைச் சந்தேகப்பட அவசியம் இல்லை.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது, அதைச் சொல்ல என் சொந்தத் தவறைச் சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு, ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ராத்திரி ட்யூட்டி. தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் 44 வயதுக்காரர், பீடி பழக்கம், முக்கால் மணி நேரமாக நெஞ்சு வலி. இசிஜியைப் பார்த்தேன், எஸ்டி எங்கேயும் ஏறவில்லை. நார்மல் என்றேன். இசிஜி எடுத்த டெக்னீஷியன் என்னைவிட வயதில் பெரியவர். 'இன்னொரு வாட்டி எடுக்கட்டுமா சார், ஆளு முகமே சரியில்லை' என்றார். வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அவர் மனைவி ஓடி வந்து, 'டாக்டரய்யா, மறுபடி மாரு நோவுதுன்றாரு, ஒரு தபா வந்து பாருங்க' என்றார். இரண்டாவது இசிஜியில் வி2 முதல் வி4 வரை எஸ்டி நான்கு மில்லிமீட்டர் ஏறி நின்றது. உறைகட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றினோம், பிழைத்துக்கொண்டார்.

ட்யூட்டி முடிந்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் தாளில் வி2, வி3-ல் டி அலை பெருத்துப்போய், அதற்கு முன்னால் இருந்த ஆர் அலை என்ற கூரான உச்சியைவிட உயரமாக, கோபுரம் மாதிரி நின்றது. டி அலைக்கு ஏறுகிற வழியில் இருக்க வேண்டிய மெல்லிய குழிவு இல்லாமல் கோடு நேராக ஏறியது. மாரடைப்பு முதல் தாளிலேயே இருந்தது. எஸ்டி ஏறியதா என்று மட்டும் தேடிய கண்ணுக்கு டி அலை படவில்லை. அந்த நோயாளிக்கு அரை மணி நேரத் தசை என்னால் போனது.

முதல் டாக்டர் கண்ணிலும் இப்படி ஏதாவது தப்பியிருக்கலாம். அல்லது இசிஜியின் கண்ணுக்கே தப்பியிருக்கலாம். வழக்கமான 12 லீடுக்கு இதயத்தின் பின்சுவர் முதுகுப்பக்கமாக மறைந்திருக்கிறது. அங்கே ரத்தம் கொண்டுபோகும் சுற்றுக்குழாய் அடைத்தால் தாள் கிட்டத்தட்ட சும்மா இருக்கும், இல்லையென்றால் வி1 முதல் வி3 வரை எஸ்டி இறங்கி நிற்கும். முதுகில் வி7, வி8, வி9 என்று மூன்று லீடு ஒட்டினால்தான் ஏற்றம் தெரியும். கீழ்ச்சுவர் மாரடைப்பு என்றால் வலது மார்பிலும் ஒன்று ஒட்டிப் பார்க்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே ஆள் நான்கு வேலை பார்க்கும் இடத்தில் இதெல்லாம் எத்தனை தடவை நடக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

எடுக்கிற விதத்திலும் கோளாறு வரும். சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். சிவப்பும் மஞ்சளும் இடம் மாறினால் முதல் லீடு தலைகீழாகி, இல்லாத வியாதியைக் காட்டும். மார்பு லீடை ஒரு விலா மேலே ஒட்டினாலும் கோடு மாறும். எங்கள் ஊரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? மே மாதம் மாரடைப்பு வியர்வையும் கத்திரி வெயில் வியர்வையும் சேர்ந்து, ஒட்டியது வழுக்கி, கோடு பாம்பு மாதிரி நெளியும். நெளிகிற கோட்டில் ஒரு மில்லிமீட்டரை எங்கே தேடுவது? துடைத்து, முடியை மழித்து மறுபடி ஒட்ட இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் செலவழிக்காமல் படித்த இசிஜிகள் நிறைய.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு டி அலை தலைகீழாக இருக்கிற எல்லோரும் பயந்துவிடுவார்கள். டி அலை தலைகீழாவதற்கு ரத்தக்குறைவு ஒரு காரணம், அவ்வளவுதான். வருடக்கணக்கான ரத்த அழுத்தத்தில் தடித்த இதயம், பொட்டாசியம் குறைவு, மூளையில் ரத்தக்கசிவு, இவற்றிலும் மாறும். சில இளம்பெண்களுக்கு வி1 முதல் வி3 வரை சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் இருக்கும். திடகாத்திரமான இளைஞர்களுக்கு எஸ்டி கொஞ்சம் ஏறியிருப்பது சகஜம். அதனால்தான் நாற்பது தாண்டிய ஆணுக்கு வி2, வி3-ல் இரண்டு மில்லிமீட்டர், பெண்ணுக்கு ஒன்றரை, மற்ற லீடுகளில் ஒன்று என்று வேறு வேறு அளவு வைத்திருக்கிறார்கள். இந்த அளவுகளும் ஊர் கூடிப் போட்ட எல்லைக்கல்தான். எல்லைக்கு அரை மில்லிமீட்டர் இந்தப் பக்கம் நிற்கிறவருக்கு மாரடைப்பு இல்லை என்று அர்த்தம் ஆகாது. தாளின் தலையில் மிஷினே அச்சடிக்கும் 'நார்மல்' என்ற வார்த்தைக்கு நான் கொடுக்கும் மதிப்பு மிகக் குறைவு. பழைய இசிஜி ஒன்று கையில் இருந்தால் அதற்குத்தான் மதிப்பு அதிகம், மாறியது எது என்று தெரியும்.

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். கீழ்ச்சுவர் வயிற்றுக்கு மேல், உதரவிதானத்தில் சாய்ந்து கிடக்கிறது. அது தவிக்கும்போது வாந்தி, ஏப்பம், மேல்வயிறு உப்புசம் எல்லாம் வரும். சோடா குடித்து ஏப்பம் விட்டதும் லேசானது, ஊசி போட்டதும் குறைந்தது என்பதெல்லாம் எதையும் நிரூபிக்காது. உறைகட்டி தானாகத் திறந்த நேரமும் ஊசி போட்ட நேரமும் ஒன்றாக இருந்திருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுவாங்கலும் வியர்வையுமாக வருவதும் உண்டு. உங்கள் அப்பாவுக்குத் தாடை இழுப்பும் வியர்வையும் இருந்திருக்கிறது. 58 வயது, சர்க்கரை, இந்த இரண்டு அறிகுறி. இசிஜி என்ன சொன்னாலும் இவரைக் குறைந்தது சில மணி நேரம் படுக்க வைத்திருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வலி நிற்கவில்லை என்றால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை இசிஜி திரும்ப எடுப்பது, டிரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்து சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பது, இவை இரண்டும் பாடப்புத்தக விஷயம். செத்துக்கொண்டிருக்கும் தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதம் டிரோபோனின். வலி தொடங்கிய உடனே பார்த்தால் அதுவும் நார்மலாக இருக்கலாம், அதனால்தான் இரண்டு தடவை. அந்த இடத்தில் டிரோபோனின் வசதி இல்லாமல் இருந்திருக்கலாம். அப்போது, 'இங்கே முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று எழுதித் தர வேண்டியதுதான். ஆக, ஏமாற்றினார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை. ஒரு நார்மல் இசிஜிக்கு அதன் தகுதிக்கு மேல் மரியாதை கொடுத்துவிட்டார், நான் கொடுத்த மாதிரி. நீங்கள் டாக்டர் சொன்னதைக் கேட்டுக் கூட்டிப்போனீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் வீட்டில் இருந்த அந்தச் சில மணி நேரம் ஆபத்தானது என்பதை மறைக்கவும் மாட்டேன். தவிக்கும் தசையில் மின் அலை மெதுவாக ஊர்கிறது, பக்கத்து நல்ல தசையில் வேகமாகப் போகிறது. இந்த வித்தியாசத்தில் அலை வட்டமடித்துத் திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி நுழைந்தால், இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிக்கும். மாரடைப்பில் முதல் சில மணி நேரத்தில், அதுவும் முதல் ஒரு மணி நேரத்தில், வீட்டிலும் வழியிலும் போகிற உயிர்களில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. ஷாக் கொடுக்கும் கருவி பக்கத்தில் இருந்தால் திருப்பிவிடலாம். இதற்காகத்தான் சொந்தக் காரில் ஓட்டிக்கொண்டு வராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள் என்கிறோம். பேரணாம்பட்டிலிருந்தோ ஒடுகத்தூரிலிருந்தோ வேலூர் வரும் நேரத்தில் நிறைய நடந்துவிடும். 2023 முதல் நம் மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் வேளைக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல விஷயம். மாத்திரை போட்டதும் வலி குறைந்தது என்று பாதி வழியில் திரும்பிவிடாமல் இருந்தால் சரி.

முதல் இசிஜியைப் பற்றி உறுதியாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் அந்தத் தாளைப் பார்க்க வேண்டும். பெயரை மறைத்து, எடுத்த நேரம் தெரிகிற மாதிரி நேராக ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். வி2, வி3-ன் டி அலையும், மூன்றாவது லீடும் ஏவிஎல்லும் ஒன்றுக்கொன்று எதிராக லேசாக நகர்ந்திருக்கிறதா என்பதும்தான் நான் முதலில் பார்க்கப்போவது. இரண்டாவது தாளும் கூட இருந்தால் நல்லது. அப்புறம், அவற்றைப் பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அது சூடு பட்டால் கறுக்கும் தாள். காட்பாடியிலிருந்து ஒருவர் தன் அம்மாவின் பத்து வருட இசிஜிகளை ஆசையாக லேமினேட் செய்து கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்; ஒவ்வொன்றும் கரிப்பலகை மாதிரி இருந்தது. இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அப்பாவின் சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.